பொருள் வாங்கியவரிடம், பூட்டு விற்றவரிடம்

புது தில்லி: தலைநகரின் தெற்குப் பகுதியில் உள்ள நேரு பிளேஸ் வணிக வளாகத்தைக் கணினிச் சந்தை என்றே பலரும் அறிவர். கீழ்த்தளக் கடைகளில் மடிக்கணினியும் பிரிண்டர் மையும் உதிரி பாகங்களும் விற்பனையாகின்றன. அந்தக் கட்டடங்களின் மேல் மாடிகளில் வேறொரு தொழிலும் நடக்கிறது. சிறிய அறை, இரண்டு மூன்று கணினிகள், நான்கைந்து இளைஞர்கள். பள்ளிக்கூடங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் திருமண மண்டபங்களுக்கும் இணையதளம் அமைத்துத் தருவது இவர்களது பிழைப்பு. தில்லியில் மட்டுமன்றி லக்னௌ, இந்தூர், பாட்னா, கோயம்புத்தூர் என்று நாட்டின் எல்லா நகரங்களிலும் இத்தகைய மாடி அறைகள் உண்டு.

தச்சருக்கு உளியும் இழைப்புளியும் எப்படியோ, அப்படி இவர்களுக்கு மென்பொருள். உளியை விலை கொடுத்து வாங்கிவிட்டால் கடைக்காரருக்கும் தச்சருக்கும் உள்ள உறவு அத்துடன் முடிந்துவிடுகிறது. மென்பொருளில் அவ்வாறில்லை. பணம் வாங்கிக்கொண்ட நிறுவனம், பொருளை இயக்கும் சாவியைத் தன் கையிலேயே வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறை கணினி மாறும்போதும், சிலவற்றில் மாதந்தோறும், அந்த நிறுவனத்தின் சர்வர் "சரி" என்று சொன்னால்தான் கருவி வேலை செய்யும். உரிமம், ஆக்டிவேஷன் என்ற பெயர்களில் கால் நூற்றாண்டாக நடைமுறையில் உள்ள இந்த ஏற்பாடு, மென்பொருள் திருட்டைத் தடுப்பதற்காக வந்தது. திருடியவரைவிட விலை கொடுத்து வாங்கியவரையே அது அதிகம் வாட்டியிருக்கிறது என்பதே இத்தொழிலின் அனுபவம்.

திருட்டு இல்லை என்று எவரும் சொல்லவில்லை. அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் உலகின் பெயர்கெட்ட சந்தைகள் என்று வெளியிடும் பட்டியலில், 2011-ஆம் ஆண்டு நேரு பிளேஸுடன் தில்லியின் பாலிகா பஜாரும், மும்பையின் லாமிங்டன் சாலையும், சென்னையின் ரிச்சி தெருவும் பர்மா பஜாரும் இடம்பெற்றன. மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பி.எஸ்.ஏ., இந்தியக் கணினிகளில் நிறுவப்பட்ட மென்பொருள்களில் 56 விழுக்காடு உரிமம் இல்லாதவை என்று 2017-ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்டது. விற்பனையாளர்களே செய்துகொண்ட கணக்கு என்பதால் அதைச் சற்றுத் தள்ளியே பார்க்க வேண்டும். ஆனாலும் நடைபாதையில் குறுந்தகடுகளைப் பரப்பி வைத்து விற்ற காலத்தைக் கண்டவர்கள் அந்த எண்ணை முற்றிலும் மறுத்துவிட மாட்டார்கள்.

எண் கேட்கும் மென்பொருள்

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட விண்டோஸ் எக்ஸ்பி மூலமாகவே ஆக்டிவேஷன் என்ற சொல் பரவலாக அறிமுகமாயிற்று. 2003-ஆம் ஆண்டில் அடோபி நிறுவனத்தின் போட்டோஷாப் சி.எஸ். பதிப்பும், இணையதளம் அமைப்போரின் முதன்மைக் கருவியாக விளங்கிய மேக்ரோமீடியாவின் டிரீம்வீவர் எம்.எக்ஸ். 2004 பதிப்பும் அதே வழியைப் பின்பற்றின. அடுத்த இரண்டாண்டுகளில், 2005 டிசம்பரில், மேக்ரோமீடியாவை அடோபியே வாங்கிவிட்டது. படம் வரையும் கருவி, பக்கம் அமைக்கும் கருவி, அசைவூட்டும் பிளாஷ் ஆகிய மூன்றும் ஒரே கதவுக்குப் பின்னால் சென்றன. போட்டி குறைந்தால் பூட்டின் கனம் கூடும் என்பதை அன்றைக்கு இத்தொழிலில் இருந்தோர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இம்முறையின் இயக்கம் எளிமையானது. பெட்டியில் அச்சிட்டுள்ள வரிசை எண்ணை உள்ளிட்டதும், அந்தக் கணினியின் வன்பொருள்களைக் கொண்டு ஓர் அடையாளக் குறியீடு உருவாக்கப்படும். வரிசை எண்ணும் குறியீடும் நிறுவனத்தின் சர்வருக்குச் செல்லும். எண் ஏற்கெனவே வேறு கணினிகளில் பயன்படவில்லை என்றால் அனுமதி கிடைக்கும். அடோபி உரிமத்தில் ஒருவர் இரண்டு கணினிகளில் நிறுவிக்கொள்ளலாம். மூன்றாவது கணினிக்கு மாற வேண்டுமானால், பழைய கணினியில் அனுமதியை முறைப்படி நீக்கிவிட்டு வர வேண்டும்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. மின்சாரம் நிலையாக இல்லாத ஊர்களில் ஹார்ட் டிஸ்க் எரிந்துபோவது வாடிக்கை. எரிந்துபோன வட்டில் இருக்கும் அனுமதியை எவ்வாறு முறைப்படி நீக்குவது? நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து விளக்கம் சொல்ல வேண்டும். எக்ஸ்பியில் இணைய இணைப்பு இல்லாதவர், திரையில் தோன்றும் ஐம்பது இலக்கங்களைத் தொலைபேசியில் ஒப்பித்து, மறுமுனையில் சொல்லப்படும் இன்னொரு நீண்ட எண் வரிசையைப் பிழையின்றி எழுதிக்கொள்ள வேண்டும். டயல்-அப் இணைப்பில் ஒரே தொலைபேசிக் கம்பியை இணையத்துக்கும் பேச்சுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய காலம் அது. வாடிக்கையாளரின் பக்கத்தை அன்று மாலைக்குள் ஏற்றியாக வேண்டிய நிலையில் இருப்பவருக்கு இது எத்தகைய சோதனை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதே நேரத்தில், நடைபாதையில் வாங்கிய குறுந்தகடு எந்த எண்ணையும் எந்தச் சர்வரிடமும் கேட்கவில்லை. பெருநிறுவனங்களுக்கு மொத்தமாக வழங்கப்பட்ட எக்ஸ்பி உரிமங்களுக்கு ஆக்டிவேஷனே தேவையில்லை என்று விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. அத்தகைய மொத்த உரிமத்தின் சாவி எண் ஒன்று, மென்பொருள் கடைக்கு வருமுன்னரே வெளியில் கசிந்துவிட்டது. ஆயிரம் கணினி வாங்கியவருக்கும் தடையில்லை. காசே கொடுக்காதவருக்கும் தடையில்லை. பெட்டி ஒன்றை முழு விலைக்கு வாங்கிய சிறு தொழில் செய்பவர் மட்டும் தொலைபேசியில் இலக்கங்களை ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

மூடப்பட்ட சர்வர்

எண் கேட்பதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். கேட்ட எண்ணுக்குப் பதில் சொல்ல மறுமுனையில் ஒருவரும் இல்லாமல் போனால் என்ன செய்வது? அந்த நிலைமையும் வந்தது. 2005-ஆம் ஆண்டில் வெளியான அடோபி கிரியேட்டிவ் சூட் இரண்டாம் பதிப்பின் ஆக்டிவேஷன் சர்வரை அந்நிறுவனம் நிறுத்திவிட்டது. இணையதளம் அமைக்கும் கோலைவ் என்ற மென்பொருளும் அடங்கிய தொகுப்பு அது. அதன் பின் 2013 ஜனவரியில், ஆக்டிவேஷன் தேவைப்படாத மாற்றுப் பதிப்பையும் பொதுவான வரிசை எண்களையும் தன் தளத்தில் வெளியிட்டது. இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று உலகமே ஓடிச் சென்று பதிவிறக்கியது. ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு மட்டுமே இது என்று நிறுவனம் பின்னர் விளக்கம் அளிக்க வேண்டியதாயிற்று.

அந்த அளவிலாவது ஒரு வழி செய்து கொடுத்தார்கள். 2007-ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பின் சர்வரும் பிற்பாடு ஓய்வு பெற்றது. இன்று அந்தக் குறுந்தகடு பத்திரமாக இருந்தாலும், ரசீது இருந்தாலும், வரிசை எண் இருந்தாலும், புதிய கணினியில் அதை நிறுவி இயக்க முடியாது என்பதை அடோபியே தெரிவித்துள்ளது. தொகுப்பில் டிரீம்வீவரும் பிளாஷும் முதன்முதலாக ஒன்றாக இடம்பெற்ற பதிப்பு அது. இந்தியாவில் இத்தொழில் வேகமாக வளர்ந்த ஆண்டுகளில் வாங்கப்பட்டது.

பழைய மென்பொருளை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும், புதியதை வாங்கக்கூடாதா என்று கேட்கலாம். 2013 மே மாதத்தில் அடோபி ஓர் அறிவிப்பை வெளியிட்டது. இனிமேல் புதிய பதிப்புகள் பெட்டியில் விற்கப்படமாட்டா. சந்தா செலுத்துவோருக்கு மட்டுமே கிடைக்கும். அன்று முதல் "வாங்குவது" என்ற சொல்லே இந்தத் துறையில் பொருளிழந்தது. வேலை குறைந்த மாதத்தில் பழைய பதிப்பைக் கொண்டு சமாளித்துக்கொள்ளும் வழி அடைபட்டது. சந்தா நின்றால் கருவி நிற்கும். அந்தக் கருவியால் உருவாக்கிய கோப்புகள் வட்டில் இருக்கும். அவற்றைத் திருத்துவதற்கு மீண்டும் பணம் கட்ட வேண்டும். சந்தாவை இடையில் விட்டால் விதிக்கப்படும் கட்டணத்தை வாடிக்கையாளரிடம் மறைத்தார்கள் என்று அமெரிக்க அரசே 2024 ஜூனில் அடோபி மீது வழக்குத் தொடுத்தது.

வீட்டுக்கு வெளியே உள்ள பூட்டுகள்

மேசை மேலுள்ள கணினியோடு இக்கதை முடிவதில்லை. அமைத்த தளத்தை எங்காவது வாடகை சர்வரில் வைத்தாக வேண்டும். சிறிய நிறுவனங்கள் ஒரு சர்வரை மொத்தமாக வாடகைக்கு எடுத்து, அதில் நூறு, இருநூறு வாடிக்கையாளர்களின் தளங்களைக் குடிவைத்து, ஆண்டு வாடகை வசூலிப்பது வழக்கம். இந்த வாடகையே மாதச் செலவுகளை ஈடுகட்டும் நிலையான வருமானம். இந்தச் சர்வர்களை நிர்வகிக்கப் பெரும்பாலோர் நம்பியிருந்தது அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரைச் சேர்ந்த சி-பேனல் என்ற மென்பொருள். ஒரு சர்வருக்கு ஒரு கட்டணம். அதில் எத்தனை கணக்குகளை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

2018-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் ஒரு முதலீட்டுக் குழுமத்தின் கைக்கு மாறியது. 2019 ஜூன் 27-ஆம் தேதி, சர்வர் கணக்கு போய் இனிக் கணக்குவாரிக் கட்டணம் என்ற அறிவிப்பு வந்தது. நூறு கணக்குகளுக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அமல். இரண்டே மாத அவகாசம். வாடிக்கையாளரிடம் ஓராண்டு வாடகையை முன்பணமாக வாங்கிவிட்டவர், நடு ஆண்டில் கூடுதல் கட்டணத்தை யாரிடம் கேட்பார்? தன் கையிலிருந்து கொடுத்தார். அல்லது இரவெல்லாம் விழித்திருந்து தளங்களை வேறு மென்பொருளுக்கு மாற்றினார். கட்ட மறுப்பவரின் உரிமம் சர்வரிலிருந்தே ரத்தாகும் என்பதால், பேரம் பேசுவதற்கு இடமே இருக்கவில்லை.

இன்று உலகின் இணையதளங்களில் பத்தில் நான்குக்கும் மேற்பட்டவை வேர்ட்பிரஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் இயங்குகின்றன. 2003-ஆம் ஆண்டு தொடங்கிய அது, எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் அனுமதிக்கும் ஜி.பி.எல். உரிமத்தின் கீழ் வருகிறது. பூட்டே இல்லாத வீடு என்று தோன்றும். ஆனால் கடை வண்டி சேர்க்க ஒன்று, படிவம் சேர்க்க ஒன்று, தோற்றத்துக்கு ஒன்று என்று அதன்மேல் சேர்க்கும் துணை மென்பொருள்கள் பல விலைக்கு விற்கப்படுபவை. அவற்றுக்குத் தனித்தனிச் சாவி எண்கள். பெரும்பாலும் ஒரு சாவிக்கு ஒரு இணைய முகவரி. தளத்தைத் தற்காலிக முகவரியில் அமைத்துச் சரிபார்த்துவிட்டு, பிறகு வாடிக்கையாளரின் முகவரிக்கு மாற்றுவதுதான் தொழில் முறை. மாற்றியதும் சாவி மறுக்கப்படும் சங்கடம் எல்லோரும் கண்டதுதான். ஆண்டு முடிந்து புதுப்பிக்காவிட்டால் மென்பொருள் நிற்காது. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிடும்.

இது சாதாரண விஷயமல்ல. திருத்தம் வராத துணை மென்பொருள், தாழ்ப்பாள் இல்லாத சன்னல். அந்த வழியாகப் புகுந்தவர்கள் ஒரு பள்ளியின் தளத்தில் சூதாட்ட விளம்பரங்களை ஏற்றிவிட்டால், தலைமையாசிரியர் திட்டுவது தளம் அமைத்தவரைத்தான். சாவிக்குப் பணம் கொடுக்க இயலாதவர் "நல்டு" என்று சொல்லப்படும், சாவிச் சோதனை நீக்கப்பட்ட பிரதியைத் தேடிப் போகிறார். சோதனையை நீக்கியவர் தம் பங்குக்கு வேறு எதையாவது உள்ளே வைத்துத்தான் அனுப்புகிறார். பூட்டு வலுக்க வலுக்கக் கள்ளச் சாவி வியாபாரமும் வலுக்கிறது. அதன் விலையைக் கொடுப்பது அந்தப் பள்ளி.

கட்டற்ற மென்பொருளிலும் திருத்தங்கள் ஒரு மைய சர்வரிலிருந்தே வருகின்றன என்பதை 2024-ஆம் ஆண்டு உலகுக்கு நினைவூட்டியது. வேர்ட்பிரஸ் நிறுவனர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக்குக்கும் டபிள்யூ.பி. எஞ்சின் என்ற சர்வர் வாடகை நிறுவனத்துக்கும் எழுந்த தகராறில், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர் தளங்கள் வேர்ட்பிரஸ் மைய சர்வரை அணுகுவது செப்டம்பர் 25-ஆம் தேதி தடுக்கப்பட்டது. தகராறில் எவ்விதத் தொடர்பும் இல்லாத தள உரிமையாளர்கள் திருத்தங்களைப் பெற முடியாமல் திகைத்தனர். டிசம்பர் 10-ஆம் தேதி கலிபோர்னியாவில் உள்ள நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகே பழைய நிலை திரும்பியது. உரிமப் பத்திரத்தில் சுதந்திரம் எழுதப்பட்டிருக்கலாம். சர்வரின் சுவிட்ச் எவர் கையில் என்பது வேறு கேள்வி.

எழுத்துக்கும் பூட்டு

இந்திய மொழிகளில் தளம் அமைத்தவர்கள் இதற்கும் முந்திய ஒரு பூட்டை அறிவார்கள். யூனிகோடு பரவுவதற்கு முன்னர் ஒவ்வொரு இதழும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. படிப்பவரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குப்பையாகத் தெரியும். இதற்குத் தீர்வாக, எழுத்துருவைப் பக்கத்துடனேயே அனுப்பும் வெப்ட் என்ற கருவியை மைக்ரோசாப்ட் கொடுத்தது. அது உருவாக்கும் எழுத்துருக் கோப்பு குறிப்பிட்ட இணைய முகவரிக்கு மட்டுமே கட்டுப்பட்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே தெரியும். முகவரி மாறினால் எழுத்தும் மறைந்துவிடும். அச்சுக்குப் பயன்பட்ட இந்திய மொழி மென்பொருள்கள் பலவற்றுக்கோ, கணினியின் பின்புறம் செருக வேண்டிய வன்பூட்டு ஒன்று இருந்தது. அது தொலைந்தால் மென்பொருளும் தொலைந்ததாகவே பொருள்.

2005 ஏப்ரலில், தயாநிதி மாறன் தகவல் தொழில்நுட்ப அமைச்சராக இருந்தபோது, தமிழ் எழுத்துருக்களும் கருவிகளும் அடங்கிய குறுந்தகட்டை மத்திய அரசு இலவசமாக வெளியிட்டது. யூனிகோடும் இலவச எழுத்துருக்களும் சேர்ந்து அந்தப் பூட்டை ஏறக்குறைய உடைத்துவிட்டன. அரசு பொதுச்சொத்தாக ஒன்றைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தத் துறையில் கண்முன் உள்ள சான்று இது.

வரிக்குச் சரக்கு, வாங்கியவருக்கு அனுமதி

சட்டம் எந்தப் பக்கம் இருக்கிறது? 2004 நவம்பர் 5-ஆம் தேதி, டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் ஆந்திரப் பிரதேச அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, கடையில் பெட்டியாக விற்கப்படும் மென்பொருள் "சரக்கு" என்றும் அதற்கு விற்பனை வரி உண்டு என்றும் தீர்ப்பளித்தது. 2021 மார்ச் 2-ஆம் தேதி, வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருளுக்காகச் செலுத்தும் தொகை ராயல்டி ஆகாது என்று எண்பதுக்கும் மேற்பட்ட மேல்முறையீடுகளில் ஒரே தீர்ப்பை உச்ச நீதிமன்றம் வழங்கியது. பதிப்புரிமை கைமாறவில்லை, பதிப்புரிமை பெற்ற ஒரு பொருள் விற்கப்படுகிறது, அவ்வளவே என்பது அதன் சாரம்.

வருமான வரி விஷயத்தில் விற்பனையாளர்களுக்கு இது பெருத்த ஆதாயம். ஆனால் அதே விற்பனையாளர்கள் தம் ஒப்பந்தப் பத்திரத்தில், "இது விற்கப்படவில்லை, பயன்படுத்த அனுமதிக்கப்படுகிறது, அனுமதியை நாங்கள் திரும்பப் பெறலாம்" என்ற பொருள்பட எழுதுகிறார்கள். வரி அதிகாரியின் முன் விற்பனை. வாங்கியவரின் முன் இரவல். இரண்டில் எது உண்மை என்று கேட்கும் நிலைமையில் மாடி அறைக்காரர் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012-ஆம் ஆண்டிலேயே ஆரக்கிள் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில், கால வரம்பின்றி விலைக்குக் கொடுத்த உரிமம் விற்பனையே என்றும், வாங்கியவர் அதை மறுவிற்பனை செய்யலாம் என்றும் கூறிவிட்டது.

மீறியவருக்கான தண்டனையில் நம் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவின்படி, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவோருக்கு ஏழு நாள்கள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ரூ. 50 ஆயிரம் முதல் ரூ. 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. தில்லி உயர் நீதிமன்றம் 2005-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் தொடுத்த ஒரு வழக்கில் ரூ. 19.75 லட்சம் இழப்பீடு விதித்தது. இத்தகைய வழக்குகளில் ஆணையரை நியமித்து அலுவலகத்துக்குள் நுழைந்து கணினிகளைச் சோதிப்பதற்கான நெறிமுறைகளை 2008-ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம் வகுத்தது.

வாங்கியவருக்கு என்ன இருக்கிறது? சட்டப்படி மென்பொருளை வைத்திருப்பவர், அது எந்த நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டதோ அந்த நோக்கத்துக்காக அதன் பிரதியை எடுத்துக்கொள்ளலாம், காப்புப் பிரதி வைத்துக்கொள்ளலாம் என்கிறது 52-ஆவது பிரிவு. 2012-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட 65-ஏ பிரிவு பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கினாலும், உரிமையை மீறும் நோக்கம் இருந்தால் மட்டுமே தண்டனை என்று வரம்பு கட்டியுள்ளது. ஆகவே, மூடப்பட்ட சர்வரின் அனுமதி கிடைக்காத பழைய மென்பொருளை, வாங்கியவரே எப்படியோ இயக்கிக்கொண்டால் அது குற்றமல்ல என்று வாதிட இடமுண்டு. ஆனால், சர்வரை மூடும் நிறுவனம் மாற்றுச் சாவியைத் தந்துவிட்டு மூட வேண்டும் என்ற கடமையைச் சட்டத்தின் எந்த வரியும் விதிக்கவில்லை. காப்புப் பிரதி எடுக்கும் உரிமை காகிதத்தில் இருக்கிறது; அந்தப் பிரதி எவரிடமாவது அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கிறது.

சுவிட்ச் வெளிநாட்டில் இருந்தால்

சாவி வைத்திருப்பவர் கடல் கடந்து இருக்கும்போது, வாங்கியவர் எந்தத் தவறும் செய்யாமலே கருவி நிற்கக்கூடும். 2019 அக்டோபரில், அமெரிக்க அதிபரின் தடை ஆணையைக் காரணம் காட்டி, வெனிசுலா நாட்டின் எல்லாக் கணக்குகளையும் அந்த மாதம் 28-ஆம் தேதியுடன் முடக்கப்போவதாக அடோபி அறிவித்தது. கட்டிய பணம் திரும்பத் தரப்படாது என்றும் முதலில் கூறப்பட்டது. கடைசி நேரத்தில் அமெரிக்க அரசின் சிறப்பு அனுமதி கிடைத்ததால் முடக்கம் தவிர்ந்தது. வெனிசுலாவின் வடிவமைப்பாளர்கள் அதிபர் மாளிகையில் வசிப்பவர்கள் அல்லர்; ஆனாலும் அவர்களது பிழைப்பு அந்த மூன்று வாரங்கள் ஊசலாடியது.

நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டில் நேர்ந்தது வேறு வகை. கடன் அட்டையிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் முறைக்கு ரிசர்வ் வங்கி வகுத்த புதிய விதிகள் அக்டோபர் முதல் தேதி அமலுக்கு வந்தன. வாடிக்கையாளரைக் காக்க வந்த நல்ல விதிகளே. ஆனால் வங்கிகளும் வெளிநாட்டு நிறுவனங்களும் ஆயத்தமாக இல்லாததால் பல சந்தாக்கள் நிராகரிக்கப்பட்டன. பணம் கட்டத் தயாராக இருந்தவரின் கருவிக்கும் சர்வருக்கும் "பணம் வரவில்லை" என்ற அறிவிப்பு வந்தது. பெட்டி மென்பொருள் காலத்தில் இப்படியொரு தொல்லை இருந்திருக்க வழியில்லை.

2025 ஜூலையில் நடந்தது பெருநிறுவனத்தின் கதை என்றாலும் அதன் உட்பொருள் இதுவே. குஜராத்தின் வாடிநாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் சுத்திகரிக்கும் ஆலையை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்தில் ரஷியாவின் ராஸ்நெப்ட் கணிசமான பங்கு வைத்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் ஜூலை 18-ஆம் தேதி அதன்மீது தடை விதித்தது. சில நாள்களிலேயே மைக்ரோசாப்ட் தன் சேவைகளை அந்நிறுவனத்துக்கு நிறுத்தியது. அமெரிக்காவோ இந்தியாவோ தடை விதிக்கவில்லை, உரிமத்துக்குப் பணமும் கட்டியிருக்கிறோம் என்று நயாரா தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது. விசாரணைக்கு முன்னதாகவே சேவை திரும்பக் கிடைத்துவிட்டது. பணம் கட்டிய இந்திய வாடிக்கையாளரின் மென்பொருளை வேற்று நாட்டுத் தடையின் பேரில் நிறுத்தலாமா என்ற கேள்விக்கு விடை சொல்லும் தீர்ப்பு பிறக்கவில்லை.

இதையடுத்து சுதேசி மென்பொருள் குறித்த பேச்சு தலைநகரில் உரக்கக் கேட்டது. தென்காசிக்காரர்கள் நன்கறிந்த ஜோஹோ நிறுவனத்தின் தளத்தில் மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சல் இயங்குகிறது. வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆயினும் சுவிட்ச் வாஷிங்டனிலிருந்து தென்காசிக்கு வந்தால் அது அருகில் வந்ததாகுமே தவிர, வாங்கியவரின் கைக்கு வந்ததாகாது. அரசு அலுவலகங்கள் திறமூல மென்பொருளுக்கே முன்னுரிமை தர வேண்டும், மூடிய மென்பொருளை வாங்கினால் அதற்குக் காரணம் காட்ட வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு கொள்கை வகுத்துள்ளது. அரசுத் தளங்களை அமைக்க ஒப்பந்தம் கோரும் அலுவலகங்கள், சாவி எண்களையும் உரிமங்களையும் அலுவலகத்தின் பெயரிலேயே பதிய வேண்டும் என்று நிபந்தனை சேர்த்தாலே பாதித் தொல்லை குறையும். ஒப்பந்தக்காரர் மாறியதும் பழையவரின் பெயரில் உள்ள சாவி காலாவதியாகி, தளம் திருத்தமின்றிக் கிடப்பது அரசுத் தளங்களுக்கும் நேர்வதுதான்.

தனி மனிதருக்கு ஒரு வழி, பதிப்புரிமைச் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. 2020 ஜூலை 20 முதல் அமலில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கில் வாங்குபவரை நுகர்வோர் அல்லர் என்கிறது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் பொருளை வாங்கிப் பயன்படுத்துபவருக்கு விலக்கு அளிக்கிறது. ஒரே கணினியில் தானே தளம் அமைத்துக் கொடுப்பவர் இதில் அடங்குவார். தகுந்த காரணமின்றி ஒருதலைப்பட்சமாக முறித்துக்கொள்ளும் உரிமையைத் தனக்கு வைத்துக்கொள்ளும் ஒப்பந்தத்தை "நியாயமற்ற ஒப்பந்தம்" என்றும் அதே சட்டம் வரையறுக்கிறது. மென்பொருள் உரிமப் பத்திரங்களைப் படித்தவர்களுக்கு இந்த வரையறை புதிதாகத் தோன்றாது. ஒரு சிக்கல் உண்டு. நியாயமற்ற ஒப்பந்தம் என்ற புகாரை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது. மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். புகாரை இணையம் வழியே பதியலாம் என்றாலும், கோரக்பூரில் தளம் அமைப்பவரின் வழக்கு நடப்பது லக்னௌவில்.